முதுகெலும்பில் டிபி... மாத்திரை போட்டும் வலி குறையவில்லையா? டிபி மாதிரியே வரும் 'என்டிஎம்' தொற்று பற்றி முழு விளக்கம்

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டைப் பிரித்தால் கடைசி வரியில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: முதுகெலும்பில் தொற்று, டிபியாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் அந்த 'வாய்ப்பு' என்ற சொல்லை யாரும் கண்டுகொள்வதில்லை. டிபி என்றே முடிவாகி, அடுத்த வாரமே மாத்திரை தொடங்கிவிடும்.

இதில் தவறும் இல்லை. உலகத்தில் டிபி வரும் நாலு பேரில் கிட்டத்தட்ட ஒருத்தர் இந்தியர். எலும்பில் வரும் டிபியில் சுமார் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. ஸ்கேனில் இரண்டு முள்ளெலும்புகள் அரிக்கப்பட்டு, பக்கத்தில் சீழ் கட்டியிருந்தால் டாக்டருக்கு முதலில் டிபி ஞாபகம் வருவது இயல்புதான். பெரும்பாலான தடவை அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கும்.

தவறிப்போகும் அந்த மிச்ச தடவைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டிபி கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் டிபி அல்லாத கிருமிகள் முதுகெலும்பில் புகுந்தால், ஸ்கேனிலும் டிபி போலவே தெரியும், பயாப்ஸியிலும் டிபி போலவே தெரியும். மாத்திரைக்கு மட்டும் மசியாது. மாதக்கணக்கில் எலும்பு அரித்துக்கொண்டே போகும். தண்டுவடம் அழுந்தி கால் மரத்துப்போகும் வரை சிலருக்கு விஷயம் தெரியவே வராது.

என்டிஎம் என்றால் என்ன?

டிபிக்குக் காரணம் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்ற கிருமி. 1882ல் ராபர்ட் கோக் கண்டுபிடித்தது. தொழுநோய்க்குக் காரணமான கிருமியும் இதே குடும்பம்தான். இந்த இரண்டு வகைகளையும் தள்ளிவிட்டால் மீதி இருக்கும் பங்காளிகள் மட்டும் கிட்டத்தட்ட 200 இனம். இவற்றுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர்தான் 'காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா'. சுருக்கமாக என்டிஎம்.

டிபி கிருமிக்கு மனித உடம்புதான் வீடு. ஒருத்தர் இருமினால் இன்னொருத்தருக்குப் போகும். என்டிஎம் அப்படி இல்லை. அதுக்கு வீடு மண்ணும் தண்ணீரும். வயல் சேறு, கண்மாய், கிணறு, குடிநீர்க் குழாயின் உள்பக்கம் வழுவழுவென்று படிந்திருக்கும் படலம், மேல்நிலைத் தொட்டியின் அடியில் தங்கும் வண்டல் என்று எங்கேயும் இருக்கும். அதன் உடம்பைச் சுற்றி மெழுகு மாதிரி ஒரு தடித்த உறை. அதனால்தான் மற்ற பாக்டீரியாக்களைக் கொல்லும் அளவு குளோரின் இதை ஒன்றும் செய்வதில்லை.

பெயர்களைப் பார்த்தாலே எங்கிருந்து வந்தவை என்று தெரியும். கீலோனே என்ற இனம் 1903ல் முதலில் பிரிக்கப்பட்டது கடலாமையிடம் இருந்து. செனோபி என்ற இனத்துக்கு ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் பெயர். ஏவியம் என்றால் பறவை தொடர்பானது. முதுகெலும்புத் தொற்றில் அதிகம் பேசப்படுவது இந்த ஏவியம் கூட்டம், பிறகு அப்செசஸ், ஃபோர்ச்சூட்டம், கீலோனே, செனோபி.

ஒரு விஷயம் இங்கேயே தெளிவாகிவிட வேண்டும். என்டிஎம் தொற்று பொதுவாக ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் பரவாது. வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பது, குழந்தைகளை அண்டவிடாமல் தடுப்பது எதுவும் தேவை இல்லை. (முதுகெலும்பு டிபிக்கும் தட்டு, டம்ளர் தனி வைக்கத் தேவையில்லை. நுரையீரலிலும் டிபி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கிருமிக்கும் பழைய பழக்கம்

என்டிஎம் என்பது ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று நினைக்கத் தேவையில்லை. இந்தக் கிருமியைப் பற்றி உலகம் பேசிய மிகப்பெரிய கதைகளில் ஒன்று நடந்தது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்.

1968ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அங்கே பிசிஜி தடுப்பூசிப் பரிசோதனையைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையும் உடன் இருந்தன. பதிவு செய்யப்பட்டவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். டிபி தடுப்பூசிக்காக அதுவரை நடந்த பரிசோதனைகளில் மிகப் பெரியது அது. வருடக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். 1979ல் முதல் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. பெரியவர்களின் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவே இல்லை. 15 வருடத் தொடர் கண்காணிப்புக்குப் பிறகு 1999ல் வெளியான அறிக்கையும் அதையேதான் சொன்னது.

இங்கிலாந்தில் நன்றாக வேலை செய்த ஊசி செங்கல்பட்டில் ஏன் தோற்றது? சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது இந்த என்டிஎம். அந்தப் பகுதி மக்கள் சின்ன வயசில் இருந்தே மண்ணிலும் தண்ணீரிலும் இந்தக் கிருமிகளோடு பழகியவர்கள். தோல் பரிசோதனை செய்தால் பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தப் பழக்கத்தின் அடையாளம் தெரிந்தது. உடம்பு ஏற்கனவே ஒரு மாதிரி தயாராகிவிட்டதால், பிசிஜி அதன் மேல் புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்பது வாதம். சென்னை டிபி ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் பிறகு அதே கிராமங்களின் மண், தண்ணீர், வீட்டுத் தூசியை எடுத்துச் சோதித்து, அதில் என்டிஎம் வகைகளைப் பிரித்தெடுத்து 1994ல் கட்டுரையும் வெளியிட்டார்கள்.

(இதைப் படித்துவிட்டு பிறந்த குழந்தைக்கு பிசிஜி வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் டிபி போன்ற கொடிய வகைகளுக்கு எதிராக அந்த ஊசி இன்றைக்கும் கைகொடுக்கிறது.)

இதிலிருந்து தெரிவது, தமிழ்நாட்டு மண்ணில் வாழும் யாருக்கும் இந்தக் கிருமி அந்நியம் இல்லை. மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்தில் வயலும் போர்வெல்லும் கண்மாயுமாக இருக்கும் புதுக்கோட்டை மாதிரியான ஊர்க்காரர்கள் தினமும் இத்தகைய கிருமிகளோடுதான் புழங்குகிறார்கள். குளிக்கிறார்கள், சேற்றில் இறங்குகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. அப்படியானால் யாருக்கு, எப்படி முதுகெலும்புக்குள் போகிறது?

முதுகெலும்புக்கு எப்படிப் போகிறது?

வழி இரண்டு. ஒன்று ரத்தம். உடம்பில் வேறு எங்கோ நுழைந்த கிருமி ரத்தத்தோடு பயணம் செய்து முள்ளெலும்பில் தங்கிவிடும். பக்கத்துப் பக்கத்து முள்ளெலும்புகளுக்கு ஒரே ரத்தக்குழாயின் கிளைகள்தான் போகின்றன. அதனால்தான் தொற்று பெரும்பாலும் இரண்டு எலும்பைச் சேர்த்துப் பிடிக்கிறது. எச்ஐவி, உறுப்பு மாற்று சிகிச்சை, புற்றுநோய் மருந்து, நீண்ட நாள் ஸ்டீராய்டு என்று எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது அதிகம். தாய்லாந்திலும் தைவானிலும் இன்னொரு விசித்திரமும் கண்டுபிடிக்கப்பட்டது. எச்ஐவி இல்லாத, வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்த பெரியவர்கள் சிலரின் உடம்பு, இந்தக் கிருமியை அடக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற தன் சொந்த ஆயுதத்தையே தாக்கிக்கொண்டிருந்தது. 2012ல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு, காரணம் தெரியாமல் உடம்பு முழுக்க என்டிஎம் பரவியவர்களிடம் இதையும் பார்க்கிறார்கள். எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கு முதுகெலும்பில் வந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

இரண்டாவது வழி நேரடியானது. ஆபரேஷன், ஊசி, அடிபட்ட காயம். இதில்தான் மனிதத் தவறு உள்ளே வருகிறது. இதற்கு உலகம் மறக்காத உதாரணம் பாரிஸில் நடந்தது.

1988 முதல் 1993 வரை அங்கே ஒரு தனியார் கிளினிக்கில் டிஸ்க் பிரச்சினைக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 3,000க்கும் மேல். கருவிகளைக் கிருமிநாசினியில் ஊறவைத்த பிறகு கடைசியில் சாதாரண குழாய்த் தண்ணீரில் அலசியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் இருந்தது செனோபி. சுத்தமாகிவிட்ட கருவியில் கடைசி அலசலில் மறுபடி கிருமி ஏறி, நேராக முதுகெலும்புக்குள் போனது. வலி குறையாமல் திரும்பத் திரும்ப வந்தவர்களை ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி என்று அனுப்பியதும் நடந்தது. பிறகு அரசாங்கம் தலையிட்டு, ஆபரேஷன் செய்துகொண்ட 3,244 பேரில் பெரும்பாலானவர்களைத் தேடிப்பிடித்துத் தகவல் சொல்லி, ஸ்கேன் எடுக்கச் சொன்னது. மொத்தம் 58 பேருக்குத் தொற்று உறுதியானது. அதில் 26 பேர் இப்படித் தேடிப் போனதால் மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டவர்கள். சிலருக்கு ஆபரேஷன் முடிந்து 10 வருடம் வரை ஆகியிருந்தது.

பத்து வருடம் என்பதை இன்னொரு தடவை படிக்கலாம். இந்தக் கிருமிக்கு அவசரம் கிடையாது.

நம் பக்கத்தில் நிலைமை எப்படி? வேலூர் சிஎம்சி மருத்துவமனை 1999 முதல் 2004 வரை தன் ஆய்வகத்தில் வளர்ந்த மைக்கோபாக்டீரியாக்களைக் கணக்கெடுத்தபோது என்டிஎம் சுமார் 4 சதவீதம் இருந்தது. அதில் பெரும்பங்கு கீலோனேயும் ஃபோர்ச்சூட்டமும். இது முதுகெலும்புக்கு மட்டுமான கணக்கு இல்லை, எல்லா வகை சாம்பிளும் சேர்ந்தது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. இந்த இரண்டுமே ஊசி போட்ட இடத்திலும் ஆபரேஷன் தழும்பிலும் கட்டியாக வருவதில் பேர் போனவை. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்து வயிற்றில் துளை போட்ட இடம் ஆறாமல் சீழ் வடிகிறதே, அதில் நம் நாட்டு டாக்டர்கள் அடிக்கடி சந்தேகப்படுவது இவர்களைத்தான்.

முதுகுவலிக்கு நம் ஊரில் நடப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் வாயுப்பிடிப்பு என்று தைலம். அப்புறம் சுளுக்கு எடுப்பது. அதுவும் சரிப்படவில்லை என்றால் தெரிந்த இடத்தில் ஒரு ஊசி. அந்த ஊசி முதுகில் போடும் ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். முறையான இடத்தில் முறையாகப் போட்டால் அது நல்ல சிகிச்சைதான். ஒரே மருந்து பாட்டிலில் பல பேருக்கு எடுப்பது, கருவியைக் குழாய்த் தண்ணீரில் அலசுவது மாதிரியான இடங்களில்தான் ஆபத்து. டாக்டரிடம் போகும்போது கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் முதுகில் போட்ட ஊசி, செய்த ஆபரேஷன், அக்குபங்சர் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். 'அது பழைய கதை' என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். பாரிஸ் கணக்குப்படி பழைய கதைதான் முக்கியம்.

ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை?

இங்கேதான் சிக்கலே. ஒவ்வொரு பரிசோதனையிலும் இது டிபியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும்.

எம்ஆர்ஐயில் எலும்பு அரிப்பும் சீழும் தெரியும், யாருடைய வேலை என்று தெரியாது. பயாப்ஸியில் 'கிரானுலோமா' என்று வரும், இரண்டுமே அதை உண்டாக்கும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டுமே சிவப்புக் குச்சியாகத்தான் தெரியும். இந்த மூன்றும் பாசிட்டிவாக இருந்தால் நம் நாட்டில் டிபி என்று எழுத யாருக்கும் கை தயங்காது.

முதல் துப்பு கிடைக்கும் இடம் ஜீன்எக்ஸ்பர்ட் அல்லது சிபிநாட் என்று அழைக்கப்படும் பரிசோதனை. இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும். அது தேடுவது டிபி கிருமியின் மரபணுவை மட்டும். மைக்ராஸ்கோப்பில் கிருமி நிறையத் தெரிகிறது, ஜீன்எக்ஸ்பர்ட் 'இல்லை' என்கிறது என்றால், அங்கே என்டிஎம் பற்றி யோசிக்க வேண்டும். ஆனால் மைக்ராஸ்கோப்பிலும் இல்லை, ஜீன்எக்ஸ்பர்ட்டிலும் இல்லை என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எலும்பில் டிபி கிருமி எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருக்கும். அதனால் உண்மையான டிபியிலேயே ஜீன்எக்ஸ்பர்ட் பல தடவை நெகட்டிவ் காட்டும். 'நெகட்டிவ் வந்துருச்சு, அப்போ டிபி இல்ல' என்று வீட்டில் முடிவு கட்டுவது தப்பு.

கடைசித் தீர்ப்பு கல்ச்சரில்தான். சாம்பிளை ஊட்டமுள்ள திரவத்தில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும். அப்செசஸ், ஃபோர்ச்சூட்டம் மாதிரி வேகமாக வளர்பவை ஒரு வாரத்துக்குள்ளேயே தலைகாட்டிவிடும். வளர்ந்த கிருமி டிபி கிருமி மட்டுமே சுரக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கிறதா என்று ஒரு சின்ன அட்டைப் பரிசோதனையில் பார்ப்பார்கள். சுரக்கவில்லை என்றால் என்டிஎம் சந்தேகம் வலுக்கும். பிறகு எந்த இனம் என்று மரபணுப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். இனம் தெரியாமல் மருந்து முடிவு செய்ய முடியாது.

சளியில் என்டிஎம் வளர்ந்தால் அது குழாய்த் தண்ணீரில் இருந்து ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம், பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதுகெலும்பின் ஆழத்தில் இருந்து சுத்தமாக எடுத்த சீழில் வளர்ந்தால் அதை லேசாக ஒதுக்க முடியாது.

இவ்வளவும் சரி. ஆனால் நடைமுறையில் கல்ச்சருக்கே போகாமல் போவது எதனால் தெரியுமா? ஃபார்மலினால். பயாப்ஸி எடுத்த சதைத் துணுக்கை மொத்தமாக ஃபார்மலின் பாட்டிலில் போட்டு நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஃபார்மலின் பட்டதும் கிருமி செத்துவிடும். செத்த கிருமியை வளர்க்க முடியாது. துணுக்கில் ஒரு பகுதியை ஃபார்மலின் இல்லாமல், சுத்தமான டப்பாவில் சலைனோடு தனியாக அனுப்ப வேண்டும். முதுகெலும்பில் மறுபடி ஊசி விட்டு சாம்பிள் எடுப்பது சாதாரண விஷயம் இல்லை. அதனால் அந்த முதல் வாய்ப்பிலேயே கூட இருக்கும் உறவினர் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்: "சார், கல்ச்சருக்கும் தனியா அனுப்புறீங்களா?" ஒரு பைசா செலவில்லாத கேள்வி. பின்னால் ஒரு வருடத்தை மிச்சப்படுத்தலாம்.

அப்போ டிபி மாத்திரை வேலையே செய்யாதா?

முழுசாக இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் குழப்பத்தைக் கூட்டுகிறது.

முதுகெலும்பு டிபிக்கு இந்தியாவில் வழிகாட்டுதல் 12 மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு மூன்று மருந்து. தேவைப்பட்டால் 18 மாதம் வரை நீட்டிப்பார்கள். இந்த மருந்துகளில் ரிஃபாம்பிசினும் எத்தாம்பியூட்டாலும் ஏவியம் கூட்டத்துக்கான சிகிச்சையிலும் உண்டு. ஆகவே ஏவியம் தொற்று இருப்பவருக்கு டிபி மாத்திரை போட்டால் கொஞ்சம் கேட்ட மாதிரி இருக்கும். வலி சற்றுக் குறையும், பசி எடுக்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதி ஆவார்கள். சில மாதத்தில் மறுபடி பழைய நிலை. ஏவியத்தை அடக்க முக்கியமாகத் தேவைப்படும் அசித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் அந்தக் கூட்டில் இல்லை.

அப்செசஸ் வேறு ரகம். டிபிக்குக் கொடுக்கும் வழக்கமான மருந்துகள் எதுவும் அதைத் தொடாது. அமிகாசின், இமிபெனம், டைஜிசைக்கிளின், லினசோலிட், குளோஃபசிமின் என்று பலவற்றைச் சேர்த்துத்தான் மோத வேண்டும். பல மருந்துகள் நரம்பு வழியாக ஏற்ற வேண்டியவை. அமிகாசின் காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், லினசோலிட் நரம்பையும் ரத்த அணுக்களையும் பாதிக்கும், குளோஃபசிமினில் தோல் கறுக்கும். ஃபோர்ச்சூட்டம் ஒப்பீட்டளவில் சாது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை, டாக்ஸிசைக்கிளின், கோ-ட்ரைமாக்சசோல் போன்ற மாத்திரைகளுக்குப் பல நேரம் கேட்கும். எலும்பில் என்றால் எதுவானாலும் ஆறு மாதத்துக்குக் குறையாது, பலருக்கு ஒரு வருடம் தாண்டும்.

ஆபரேஷன் விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. முதுகெலும்பு டிபியில் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது. நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டவர்களையும், பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் 10 வருடம் ஒப்பிட்டுப் பார்த்து 1999ல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் நன்றாகவே குணமாகியிருந்தார்கள். என்டிஎம்மில் அந்த சொகுசு குறைவு. மருந்தின் பலம் கம்மி என்பதால், சீழை வடிப்பது, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி எடுப்பது, ஏற்கனவே பொருத்திய ஸ்குரூ, பிளேட்டைக் கழற்றுவது என்று கத்தி அதிகம் தேவைப்படும்.

மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

இவ்வளவு படித்த பிறகு, டிபி மாத்திரை சாப்பிடும் ஒருவர் 'நமக்கும் இதுதானோ' என்று பயந்தால் ஆச்சரியம் இல்லை. அந்தப் பயத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. என்டிஎம் அபூர்வம், டிபி சர்வசாதாரணம். பாதியில் நிறுத்திய டிபி மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாகத் திரும்பி வரலாம்.

முதுகெலும்பு டிபி மெதுவாகத்தான் ஆறும். ஒரு மாதத்தில் வலி போகவில்லை என்பது தோல்வி இல்லை. எம்ஆர்ஐ படம் நோயாளியைவிடப் பின்தங்கியே இருக்கும். ஆள் நடமாட ஆரம்பித்த பிறகும் படத்தில் புண் தெரியும். சிலருக்கு மாத்திரை தொடங்கிய பிறகு சீழ் தற்காலிகமாகக் கூடவும் செய்யும். உடம்பின் எதிர்ப்பு சக்தி திடீரென விழித்துக்கொள்வதால் வருவது அது.

அப்படியானால் எப்போது சந்தேகப்பட வேண்டும்? மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு நாலைந்து மாதம் ஆகியும் வலி கூடிக்கொண்டே போனால், புதிதாகச் சீழ்க்கட்டி வந்தால், எடை குறைந்துகொண்டே இருந்தால், வேறொரு முள்ளெலும்பும் பாதிக்கப்பட்டால் டாக்டரே மறுபடி யோசிப்பார். அப்போது முதலில் பார்ப்பது மருந்துக்குக் கட்டுப்படாத டிபியா என்று. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கல்ச்சர் செய்து இனம் பார்க்காமல், மாத்திரைக்குக் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக 'கட்டுப்படாத டிபி' என்று அடுத்த கட்ட மருந்துக்குத் தாவினால், என்டிஎம் நோயாளி இன்னும் ஒரு வருடம் தவறான பாதையில் போவார்.

மதுரை சுற்றுவட்டாரத்தில் ஆடு மாடு வளர்ப்பவர்கள் வீட்டில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். காய்ச்சாத பால், கால்நடைப் பிரசவம் பார்ப்பது வழியாக வரும் புரூசெல்லா என்ற தொற்றும் முதுகெலும்பில் டிபி மாதிரியே உட்காரும். சர்க்கரை நோயாளிகளுக்கு மண், மழைத்தண்ணீரில் இருந்து வரும் மெலியாய்டோசிஸும் அப்படித்தான். இரண்டுக்கும் மருந்து வேறு. வீட்டில் மாடு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது.

செலவு யார் பார்ப்பது?

டிபி என்றால் அரசாங்கத்தின் பெரிய இயந்திரம் பின்னால் நிற்கிறது. 2012 முதல் ஒவ்வொரு டிபி நோயாளியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது கட்டாயம். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய்.

இவ்வளவும் டிபிக்காகக் கட்டப்பட்டது. ரிப்போர்ட்டில் டிபி இல்லை, என்டிஎம் என்று வந்த அன்றைக்கு நோயாளி அந்தக் குடையில் இருந்து வெளியே வந்துவிடுகிறார். நோய் அதே அளவு கொடியது, சிகிச்சை அதைவிட நீளமானது, மருந்து அதைவிட விலை கூடியது. ஊசி மருந்தை வெளியில் வாங்கும் கூலித் தொழிலாளி குடும்பத்துக்கு இது தாங்காத சுமை. டிபியைத் தேடும் அதே ஆய்வகம்தான் என்டிஎம்மையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. கண்டுபிடித்த பிறகு 'இது எங்கள் கணக்கில் வராது' என்று நிற்பது கொள்கையளவில் ஒரு ஓட்டைதான். எண்ணிக்கை குறைவு என்பதால் இதைப் பற்றிக் குரல் எழுப்பவும் ஆள் இல்லை.

ஆபரேஷன் தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் வருமா என்று அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனைக் காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாகமலை புதுக்கோட்டையில் இருப்பவர் எங்கே போகலாம்?

தேனி ரோட்டில் பஸ் ஏறினால் மதுரை டவுன் பக்கம்தான். எலும்பு, நரம்பு அறுவை, நெஞ்சக நோய்ப் பிரிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது கோரிப்பாளையம் அருகே உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனையில். தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மதுரையிலும் ஒரு கிளை உண்டு. தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் கேட்க வேண்டியவை ஒன்றுதான்: பயாப்ஸி எடுக்க முடியுமா, கல்ச்சருக்குப் போகிறதா, வளர்ந்தால் என்ன இனம் என்று பார்ப்பார்களா.

பழைய எம்ஆர்ஐ படங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமோ சிடியோ வேண்டும். ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று டாக்டருக்குத் தெரியும். கல்ச்சர் ரிசல்ட் ஆறு வாரம் கழித்து வருவதால், பல பேர் அதை வாங்கவே போவதில்லை. சாம்பிள் கொடுத்த அன்றைக்கே ஆய்வக எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆறாவது வாரம் போய்க் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கல்ச்சருக்கும் அப்பாயின்ட்மென்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாத நிலைமையும் உண்டு. கால்கள் பலம் இழந்து செருப்பு தானாகக் கழன்று விழுவது, நடக்கும்போது தடுமாறுவது, தொடையிடுக்கைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது அல்லது தெரியாமல் போய்விடுவது ஆகியவை தண்டுவடம் அழுந்துவதற்கான அறிகுறிகள். டிபியா, என்டிஎம்மா, வேறு எதுவுமா என்ற கேள்வியெல்லாம் அப்போது அடுத்த கட்டம். அன்றைக்கே, ராத்திரியாக இருந்தாலும், 108ஐ அழைத்து எம்ஆர்ஐயும் முதுகெலும்பு அறுவை சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும்.